தாவோ தே ஜிங்கை எழுதியவர் ஒருவரா? மொழிபெயர்ப்புகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி இதுதான்: "லாவோசி ஒரே இரவில் தாவோ தே ஜிங்கை எழுதிக் கொடுத்துவிட்டு எருமை மேல் ஏறி மேற்கே போய்விட்டார் என்கிறார்களே, உண்மையா? என்னிடம் மூன்று மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று வேறு நூல்கள்போல இருக்கின்றன. எதை நம்புவது?" தாவோ தே ஜிங் என்பது லாவோசி எழுதியதாக மரபு சொல்லும் பழஞ்சீன மெய்யியல் நூல், 81 சிறு இயல்கள் கொண்டது. இவை இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் விடை ஒன்றுதான். நூல் எப்படி உருவாகி எப்படிக் கை மாறி வந்தது என்று தெரிந்தால், மொழிபெயர்ப்புகள் ஏன் பிரிகின்றன என்பதும் புரிந்துவிடும்.

முதலில் அந்தக் கதை. அதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய ஆதாரம், ஏறத்தாழ கி.மு. 100-ஐ ஒட்டி வரலாறு எழுதிய ஸிமா சியென். லாவோசி சூ நாட்டுக்காரர், குடும்பப் பெயர் லி, இயற்பெயர் அர், சோவ் அரசவையில் ஆவணக் காப்பாளர், கன்ஃபூசியஸ் அவரைத் தேடிவந்து சடங்குமுறை பற்றிக் கேட்டார் என்கிறார் அவர். சோவ் அரசு நலிவதைக் கண்டு லாவோசி ஊரை விட்டுக் கிளம்புகிறார். கணவாயில் காவல் அதிகாரி யின் ஸி கேட்டுக்கொண்டதால் இரண்டு பகுதிகளாக ஐயாயிரத்துச் சொச்சம் சொற்களில் ஒரு நூலை எழுதித் தந்துவிட்டுப் போகிறார். அதன்பின் என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான். எருமையும் ஒரே இரவும் இதில் இல்லை. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. பலர் கவனிக்காத ஒன்று, ஸிமா சியென் அதோடு நிறுத்தவில்லை. சூ நாட்டிலேயே லாவோ லாய்சி என்று ஒருவர் இருந்தார், அவரும் தாவோ பற்றிப் பதினைந்து பகுதி எழுதினார் என்கிறார். கன்ஃபூசியஸ் இறந்து 129 ஆண்டு கழித்துச் சின் நாட்டு மன்னரைச் சந்தித்த, 'தான்' என்ற பெயருடைய அரசவை வரலாற்றாளரே லாவோசி என்று சிலர் சொல்வதையும், இல்லை என்று சிலர் மறுப்பதையும் பதிகிறார். லாவோசி 160 வயதோ 200 வயதோ வாழ்ந்ததாகச் சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறார். கன்ஃபூசியஸின் காலம் கி.மு. 551 முதல் 479 வரை. அதற்கு 350 ஆண்டுக்கு மேல் கழித்து எழுதிய, கிடைத்த ஆவணங்களை எல்லாம் தேடிய ஒரு வரலாற்றாசிரியர் கையிலேயே மூன்று ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 'லாவோசி' என்பதும் பெயரல்ல. 'மூத்த ஆசான்' என்று பொருள்படும் பட்டம். அப்படி ஒருவர் வாழ்ந்திருக்கலாம். ஆனால் இந்த 81 இயல்களையும் இந்த வரிசையில் அவரே எழுதினார் என்று நிறுவ வழியில்லை.

உறுதியாகப் பேச முடிவது மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சுவடிகளைப் பற்றித்தான். 1973-இல் ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட மூன்றாம் எண் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய இரண்டு முழுப் பிரதிகள் கிடைத்தன. இரண்டிலும் 'தே' (பண்பாற்றல்) பகுதி முன்னால், 'தாவோ' (வழி) பகுதி பின்னால். இன்று நாம் முதல் இயலாகப் படிப்பது அவற்றில் நடுவில் வருகிறது. எழுதிய காலத்தைக் கணிக்கும் முறை எளிமையானது. ஆளும் பேரரசரின் இயற்பெயரில் உள்ள எழுத்தை யாரும் எழுதக்கூடாது, வேறு எழுத்தைப் போட வேண்டும் என்பது அந்நாள் வழக்கம். ஹான் அரச மரபைத் தொடங்கி கி.மு. 195-இல் இறந்தவர் லியூ பாங். 'பாங்' என்றால் நாடு. முதல் பிரதி 'பாங்' எழுத்தைத் தயங்காமல் எழுதுகிறது. இரண்டாவது அதை நீக்கி, அதே பொருள் தரும் 'குவோ' என்று போடுகிறது. ஆனால் கி.மு. 180-இல் பட்டமேறிய லியூ ஹெங்கின் பெயரான 'ஹெங்' இரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஆக, முதல் பிரதி லியூ பாங்கின் காலத்துக்குள்ளும், இரண்டாவது லியூ ஹெங் பட்டமேறும் முன்னும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதன் தழும்பு இன்றைய நூலிலும் இருக்கிறது. முதல் வரியில் 'மாறாத தாவோ' என்பதற்கு இன்றுள்ள சொல் 'சாங்'. பட்டுச் சுவடியில் அந்த இடத்தில் இருப்பது 'ஹெங்'. ஒரு பேரரசரின் பெயருக்காக மாற்றிய சொல்லை இரண்டாயிரம் ஆண்டுகளாக மூலம் என்றே ஓதிவருகிறார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1993-இல், ஹூபெய் மாகாணத்தின் ஜிங்மென் அருகே குவோதியன் என்ற ஊரில் இன்னும் பழைய கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. கி.மு. 300-ஐ ஒட்டியது என்பது தொல்லியலாளர் கணிப்பு. அதற்குள் மூங்கில் பட்டைகளில் எழுதிய பல நூல்கள் கிடைத்தன. அவற்றில் 71 பட்டைகளில் நம் நூலின் வரிகள் இருந்தன. கட்டியிருந்த கயிறு இற்றுப்போய்ப் பட்டைகள் கலைந்திருந்தாலும், நீளத்தையும் முனை வெட்டியிருந்த விதத்தையும் வைத்து மூன்று கட்டுகளாகப் பிரித்தார்கள். 39 பட்டைகள் 32.3 செ.மீ., 18 பட்டைகள் 30.6 செ.மீ., 14 பட்டைகள் 26.5 செ.மீ. மூன்றையும் சேர்த்தால் இன்றைய 81 இயல்களில் 31 இயல்கள் முழுதாகவோ பகுதியாகவோ வருகின்றன. எழுத்துக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. 66-ஆம் இயலுக்குப் பின்னுள்ள எதுவும் இல்லை. வரிசையும் முற்றிலும் வேறு. முதல் கட்டு 19-ஆம் இயலில் தொடங்கி 66, 46, 30, 15 என்று போகிறது.

இந்தப் பட்டைகளில் இரண்டு இடங்களைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒன்று 64-ஆம் இயல். அதன் முற்பாதியும் பிற்பாதியும் முதல் கட்டிலேயே தனித்தனி இடங்களில், தொடர்பில்லாத இரண்டு பகுதிகளாக இருக்கின்றன. அதே பிற்பாதி மூன்றாம் கட்டில் மறுபடியும் வருகிறது, சொற்கள் மாறி. ஒரே கல்லறையில் ஒரே பகுதிக்கு இரண்டு பாடம், அதாவது இரண்டு சொல்வடிவம்! முழு நூல் ஒன்று முதலிலேயே உறுதியாகிவிட்டிருந்தால் இப்படி நடப்பது கடினம். தனித்தனியாக வழங்கிய சிறு பகுதிகள் பின்னால் கோக்கப்பட்டன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறில்லை என்பது என் கருத்து. இன்னொன்று 19-ஆம் இயல். இன்றைய பாடம் "அன்பறத்தைத் துண்டி, நேர்மையை எறி" என்று கன்ஃபூசியர்களின் முக்கியமான இரண்டு சொற்களை, 'ரென்', 'யி' என்பவற்றை, நேராகத் தாக்குகிறது. குவோதியன் பட்டையில் அந்தச் சொற்கள் இல்லை. போலித்தனத்தையும் சூழ்ச்சியையும் விடச் சொல்கிறது (கடைசி எழுத்தை எப்படிப் படிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு). 5-ஆம் இயலிலும் இதே கதைதான். "வானமும் பூமியும் கருணை காட்டுவதில்லை, எல்லாப் பொருள்களையும் வைக்கோல் நாய்களாக நடத்துகின்றன" என்ற புகழ்பெற்ற தொடக்கம் பட்டையில் கிடையாது (வைக்கோல் நாய் என்பது சடங்கு முடிந்ததும் எறிந்துவிடும் பொம்மை). வானுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட வெளி கொல்லன் துருத்தி போன்றது என்ற நடுப்பகுதி மட்டுமே இருக்கிறது. கன்ஃபூசியத்துக்கு எதிரான கூர்மை பின்னால் ஏறியது என்று இதைக் கொண்டு வாதிடுகிறார்கள்.

உறுதியானவையும் ஐயத்துக்குரியவையும் இங்கே பிரிய வேண்டும். கி.மு. 300 அளவில் இந்த நூலின் கணிசமான பகுதி எழுத்தில் இருந்தது, கி.மு. 200 அளவில் முழு நூல் இருந்தது. இவை உறுதி. குவோதியன் பட்டைகள், ஏற்கெனவே இருந்த பெரிய நூலிலிருந்து யாரோ பொறுக்கி எடுத்த தொகுப்பா, அல்லது பெரிய நூல் உருவாகும் முன்னிருந்த துண்டுகளா என்பது இன்னும் முடியாத விவாதம். மேலே சொன்ன 64-ஆம் இயலை வைத்து நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். முதல் பக்கம் நிற்கும் நல்ல அறிஞர்களும் உண்டு. பீக்கிங் பல்கலைக்கழகம் 2009-இல் பெற்ற மூங்கில் பிரதி ஒன்றும் இருக்கிறது. அதில் 77 இயல்கள், அங்கும் 'தே' பகுதிதான் முன்னால். ஆனால் அது அகழாய்வில் எடுத்ததல்ல, எந்தக் கல்லறையிலிருந்து வந்தது என்ற பதிவு இல்லை. அதனால் அதை மட்டும் சான்றாக வைத்து எதையும் நிறுவாமல் இருப்பது நல்லது.

இனி மொழிபெயர்ப்புகளுக்கு வருவோம். பழஞ்சீனத்தில் காலம் காட்டும் விகுதி இல்லை, ஒருமை பன்மை இல்லை, எழுவாயைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், நிறுத்தக்குறியும் இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைக் காட்டுவன 'யே' போன்ற இடைச்சொற்கள்தாம். மாவாங்துய் இரண்டாம் பிரதியின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், எழுதியவரே எழுத்துகளை எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறார்: 'தே' 3,041, 'தாவோ' 2,426. ஆக 5,467. ஆனால் "ஐயாயிரம் சொல்" என்ற மரபுக் கதை வலுத்த பிறகு, தாவோ சமயத்தார் ஓதுவதற்கு வைத்துக்கொண்ட பிரதி சரியாக 4,999 எழுத்துகளில் வந்து நிற்கிறது. எண்ணிக்கைக்காகப் பலியானவை பெரும்பாலும் இந்த இடைச்சொற்களே. மற்றப் பிரதிகளிலும் அவை குறைந்துகொண்டே வந்தன. வரி சுருங்கச் சுருங்கப் புதிர் கூடியது. இந்த நூலின் பெயர்பெற்ற 'மறைபொருள் நடை'யில் ஒரு பங்கு, படியெடுத்தவர்களின் கைவரிசை.

இதன் விளைவை முதல் இயலிலேயே பார்க்கலாம். ஒரு வரியை "எப்போதும் ஆசையின்றி இருந்து அதன் நுட்பத்தைக் காண்" என்றும் பிரிக்கலாம். "எப்போதும் இன்மையில் நின்று அதன் நுட்பத்தைக் காண விரும்பு" என்றும் பிரிக்கலாம். 'யு' என்ற எழுத்து ஆசை, விரும்பு என்ற இரண்டுக்கும் பொதுவானது. சோங் அரச மரபுக் காலத்து (11-ஆம் நூற்றாண்டு) வாங் ஆன்ஷி போன்றவர்கள் இரண்டாவது முறையில் பிரித்தார்கள். அதைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகள் இன்றும் வருகின்றன. பட்டுச் சுவடியில் 'ஆசை'க்கு அடுத்து 'யே' நிற்கிறது. அதனால் நிறுத்தம் அங்கேதான். எண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட சர்ச்சையை ஓர் இடைச்சொல் தீர்த்துவைத்தது, குறைந்தது அந்தப் பிரதியைப் பொறுத்தவரை. "ஆயிரம் லி பயணம் காலடியில் தொடங்குகிறது" என்ற 64-ஆம் இயல் வரியையும் பாருங்கள் ('லி' என்பது சீனத் தொலைவு அளவு). மாவாங்துய் முதல் பிரதியில் பயணமே இல்லை. நூறு 'ரென்' உயரம் காலடியில் தொடங்குகிறது என்று இருக்கிறது (இந்த 'ரென்' ஓர் உயர அளவு, மேலே சொன்ன 'ரென்' அல்ல). முன்வரிகளில் மரம் வளர்வதும் ஒன்பது அடுக்கு மேடை எழுவதும் வருவதால் உயரம்தான் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. உலகம் முழுவதும் சுவரில் மாட்டிவைத்திருக்கும் பயணம் பாடபேதமாக வந்திருக்கலாம்.

சொல் ஒன்றே, பொருளும் தெளிவு, ஆனாலும் உரை பிரியும் என்பதற்கு 60-ஆம் இயல் நல்ல எடுத்துக்காட்டு. "பெரிய நாட்டை ஆள்வது சிறு மீன் சமைப்பது போல." ஏழே எழுத்து. நெத்திலி வறுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். புரட்டிக்கொண்டே இருந்தால் சட்டியில் மீன் இருக்காது, தூள்தான் இருக்கும். கி.மு. 233-இல் இறந்த ஹான் ஃபெய்யின் பெயரில் உள்ள நூலில்தான் இதற்கு நமக்குத் தெரிந்த முதல் உரை இருக்கிறது. சிறு மீனை அடிக்கடி கிளறினால் கெடும், சட்டத்தை அடிக்கடி மாற்றினால் மக்கள் துன்புறுவர் என்கிறது அது. கடுஞ்சட்டம் வேண்டும் என்ற சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர் அவர். தாவோ தே ஜிங்கை அரசனுக்கான ஆட்சித் தந்திர நூலாகவே படித்தார். ஹெஷாங் கோங் என்பவர் பெயரில் வழங்கும் பழைய உரை சமையலறைக்குள்ளேயே போகிறது: குடலை எடுக்காதே, செதில் உரிக்காதே, கிளறாதே, குழைந்துவிடும். அந்த உரை நாட்டை ஆள்வதையும் உடலைப் பேணுவதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது. இருபத்துமூன்று வயதில், கி.பி. 249-இல், இறந்துபோன வாங் பி எழுதிய உரை மெய்யியல் உரை. இன்மையே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்ற வாதத்தை நூல் முழுவதும் நூலிழைபோல ஓட்டுகிறது. நவீன மொழிபெயர்ப்புகளில் மிகப் பல அவருடைய பாடத்தைப் பின்பற்றுபவை. ஆகவே "மூல நூல் என்ன சொல்கிறது" என்று கேட்கும்போது, பெரும்பாலும் "வாங் பி என்ன சொல்கிறார்" என்றுதான் விடை கிடைக்கிறது.

செல்வாக்கு பற்றிச் சொல்ல நிறைய உண்டு. திருப்பங்களை மட்டும் சொல்கிறேன். ஹான் ஆட்சியின் தொடக்கத்தில், போர்களில் ஓய்ந்துபோன நாட்டில், வரி குறைத்து மக்களைத் தொந்தரவு செய்யாமல் விடுவதற்கு இந்த நூல் அரசியல் துணையாக நின்றது. கி.மு. 135-இல் இறந்த பேரரசி தோவ் இதன் தீவிரப் பற்றாளர். லாவோசி நூலை இகழ்ந்து பேசிய கன்ஃபூசியப் புலவர் யுவான் குவைப் பன்றித் தொழுவத்துக்குள் இறக்கிவிட்டார் என்றும், பேரரசர் ரகசியமாகக் கூரான கத்தி கொடுத்துக் காப்பாற்றினார் என்றும் ஸிமா சியென் எழுதுகிறார். கி.பி. 142-இல் சிச்சுவானில் சாங் தாவோலிங் தொடங்கியதாகச் சொல்லப்படும் சமய இயக்கத்தில் இதே நூல் ஓதும் மறையானது. 'அரசன் பெரியவன்' என்று நூலில் வரும் இடத்தை அந்த மரபின் உரை 'உயிர் பெரிது' என்று மாற்றிக்கொண்டது. தாங் அரச குடும்பம் லி என்ற குடும்பப் பெயரை வைத்து லாவோசியைத் தம் மூதாதை என்றது. 733-இல் பேரரசர் சுவான்சோங் வீட்டுக்கு ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பௌத்தம் சீனாவுக்கு வந்தபோது அதன் கருத்துகளைச் சொல்ல முதலில் கைகொடுத்ததும் இந்த நூலின் சொற்களே. ஆரம்பகால மொழிபெயர்ப்புகளில் போதிக்கு 'தாவோ', நிர்வாணத்துக்கு 'வூவெய்' (செயலின்மை) என்று போட்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் தொடக்கமே தவறான படிப்பில்தான். 1823-இல் பாரிஸின் அபெல் ரெமுசா, 14-ஆம் இயலில் வரும் 'யி', 'ஸி', 'வெய்' என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் எபிரேயக் கடவுளின் பெயர் வருகிறது என்றார். 'பார்த்தும் காணாதது, கேட்டும் கேளாதது, தொட்டும் அகப்படாதது' என்பதே அவற்றின் பொருள். அவருடைய மாணவர் ஸ்தானிஸ்லா ஜூலியன் 1842-இல் முழுப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டு ஆசிரியரை மறுத்தார். ஆனால் தனக்கு வேண்டியதை நூலுக்குள் தேடும் பழக்கம் போகவில்லை. 1988-இல் அமெரிக்க அதிபர் ரீகன் நாடாளுமன்ற உரையில் அந்தச் சிறு மீனை மேற்கோள் காட்டியது, அரசின் தலையீட்டைக் குறைக்க வேண்டும் என்ற தன் கட்சியின் வாதத்துக்காக.

இந்தியத் தொடர்பு ஒன்று உண்மையிலேயே உண்டு, போகரோடு அல்ல. போகரும் லாவோசியும் ஒருவரே என்று நம் பக்கத்தில் சுற்றும் செய்திக்குச் சீன ஆவணம் எதுவும் துணை வருவதில்லை. போகர் பெயரில் வழங்கும் பாடல்களின் தமிழும் மிகப் பிற்காலத்தது. உண்மைத் தொடர்பு நம் பாடப்புத்தகத்து யுவான் சுவாங். காமரூப மன்னர் பாஸ்கரவர்மன் கேட்டதால், 647-இல் பேரரசர் தாய்சோங் அவரிடம் தாவோ தே ஜிங்கைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்கும் பணியைத் தந்தார். உடனிருந்த தாவோ அறிஞர்கள் 'தாவோ'வுக்குப் 'போதி' என்று போடச் சொன்னார்கள். யுவான் சுவாங் மறுத்தார். போதி என்றால் விழிப்பு, தாவோ என்றால் வழி, ஆகவே 'மார்க்கம்' என்பதே சரி என்று நின்றார். ஹெஷாங் கோங் உரையைச் சேர்க்கவும் அவர் சம்மதிக்கவில்லை. அந்தச் சமஸ்கிருதப் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. தமிழில் எழுதும்போதும் இதே சிக்கல். 'நெறி' என்றால் ஒழுக்கத்தின் சாயல் ஏறிவிடுகிறது. பழைய பொருளில் 'ஆறு' அழகாகப் பொருந்தும். 'அறத்தாறு' என்று குறள் சொல்லும் வழியும் அதுதான், ஓடும் நீரும் அதுதான், இந்த நூலோ நீரை விட்டுப் பேசுவதே இல்லை. ஆனால் 'தாவோ' என்ற சொல்லுக்குப் 'பேசு' என்றும் பொருள் உண்டு. முதல் வரி அந்த இரட்டைப் பொருளில்தான் நிற்கிறது. அதற்குத் தமிழில் ஒரே சொல் அகப்படாது. அதனால் 'தாவோ' என்றே விடுவது நல்லது.

உங்களிடம் உள்ள மூன்றையும் சோதிக்க வழி சொல்கிறேன். முதலில் 46-ஆம் இயலை மூன்றிலும் திறந்து பாருங்கள். மூலத்தில் இருப்பது குதிரை: உலகில் தாவோ இருந்தால் வேகக் குதிரைகள் வயலுக்கு எரு தரத் திரும்பும், இல்லாவிட்டால் ஊர் எல்லையில் போர்க்குதிரை ஈனும். அங்கே தொழிற்சாலையோ டிராக்டரோ வந்தால் அது தழுவல். அழகாக இருக்கலாம், ஆனால் சீன நூலைப் பற்றி அதை வைத்து வாதிட வேண்டாம். அடுத்து 11-ஆம் இயல். முப்பது ஆரக்கால்கள் சக்கரத்தின் ஒரே குடத்தில் சேர்கின்றன, குடத்தின் நடுவிலுள்ள வெற்றிடத்தால்தான் வண்டி பயன்படுகிறது என்று பொருளைப் பொருளாகவே சொல்கிறதா, அதற்குள் விளக்கத்தைத் திணிக்கிறதா என்று கவனியுங்கள். மூன்றாவதாக முன்னுரையில் எந்தப் பாடம் என்று தேடுங்கள்: வாங் பியா, மாவாங்துய்யா, குவோதியனா. எதுவும் சொல்லாத பதிப்பைக் கடைசியில் வையுங்கள். அதன்பிறகு வாங் பி பாடத்தில் ஒன்று, மாவாங்துய் பாடத்தில் ஒன்று என இரண்டை அருகருகே வைத்து, நாளுக்கு ஓர் இயல் படியுங்கள். இரண்டும் பிரியும் இடத்தில் காரணம் பாடபேதமா, நிறுத்தமா, சொற்பொருளா, மொழிபெயர்ப்பாளர் சேர்த்ததா என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். பத்துப் பன்னிரண்டு இயலுக்குள் கை பழகிவிடும்.

தமிழில் சி. மணியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. கவிஞர் கையால் வந்தது, வாசிக்கத் தொடங்க நல்ல இடம். லாவோசி படத்துடன் வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளுக்கு ஒரு வழி: இயல் எண் கேளுங்கள். "உன் எண்ணங்களைக் கவனி, அவை சொற்களாகும்" என்பதும், "மனச்சோர்வு என்றால் நீ கடந்த காலத்தில் வாழ்கிறாய்" என்பதும் 81 இயல்களில் எங்கும் இல்லை. முழு நூலையும் ஒரே மாலையில் படித்துவிடலாம் என்பதால், சரிபார்ப்பது பெரிய வேலையும் இல்லை.